தூர்

இந்த ஆற்றின் பெயர் தூர்.
வேலைக்கு வந்த முதல் நாள்
பாலத்துப் பலகையில் படித்துவிட்டுச் சிரித்தேன்.
எங்கள் மொழியில் அது
வாரிக் கரையில் கொட்ட வேண்டிய சங்கதி.

வைன்ஃபெல்டனுக்குக் கீழே
நூற்றுச் சொச்சம் வருடமாக
அடிமட்டம் வைத்துக் கீறியதுபோல் ஓடியது.
இருபுறமும் கல் பதித்த கரை.
பள்ளிக்கூட மணி அடித்துவிட்ட பிள்ளை மாதிரி
எங்கும் நில்லாத, எதையும் பாராத தண்ணீர்.
நிற்க இடமில்லாததால்
தன் தரையைத் தானே அரித்துத் தின்றுகொண்டிருந்ததாம்.

கொரீனா என் இயந்திரத்தின் சங்கிலிமேல்
வரைபடத்தை விரித்தாள்.
"முந்நூறு மீட்டருக்குக் கல்லைப் பிடுங்கு.
பிறகு ஒன்றும் செய்யாதே."
இருபத்தொரு வருடம் எக்ஸ்கவேட்டர் ஓட்டியவனிடம்
அந்த இரண்டாவது வாக்கியத்தை
யாரும் சொன்னதில்லை.

பிடுங்கினேன்.
ஒவ்வொன்றும் கடைவாய்ப் பல்.
பெக்கிம் வில்லோக் கம்புகளைப்
பந்தல்காரன்போல் இறுக்கிக் கட்டிக்
கரையோரம் புதைத்தான்.
ஏழு ஸ்ப்ரூஸ் மரங்களை
வேர் ஆற்றுக்குள் நீட்டும்படி நான் செருகினேன்.
தடுக்கவா என்று கேட்டேன்.
"இல்லை, கேட்க," என்றாள்.
"இந்தப் பக்கம் வருகிறாயா என்று."

அவள் கீறிய வளைவு இடதுபுறம்.
கணினி பதினொரு முறை யோசித்துச் சம்மதித்த வளைவு.
முளை அடித்துச் சிவப்பு நாடாவும் கட்டியாயிற்று.

மார்ச்சில் ஓரிரவு
சென்டிஸ் மலையின் பனியும் மழையும்
கைகோத்து இறங்கின.
விடியப் போனால்
இடதுபுறம் ஒரு முளை அசையவில்லை,
ஒரு நாடா அவிழவில்லை.
ஆறு வலதுபுறம் போயிருந்தது.
அரசு விலைகொடுத்து வாங்கிய விளிம்பைத் தாண்டி,
ப்ரூல்மனின் போன வருடச் சோளத்தட்டையில்
நான்கு வரிசையைக் கடித்துக்கொண்டு.

ப்ரூல்மன் கையைப் பின்னால் கட்டி நின்றார்.
"காணிப் பத்திரத்தில் இந்த நிலத்தின் பெயர்
பழைய தூர்," என்றார்.
"நான்தான் அதை வெறும் பெயரென்று நினைத்தேன்."
சற்று நேரம் கழித்து,
"ஆனாலும் நட்டஈடு வேண்டும்."

கொரீனா அழுவாள் என்று பார்த்திருந்தேன்.
அவள் முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்று
எச்சில் தொட்டுத்
தன் வளைவை அழித்தாள்.

எடுத்த மண்ணை ஆறு தூரம் கொண்டுபோகவில்லை.
கொஞ்சம் கீழே, நட்டநடுவில்,
வீடு மாறுகிறவர் சாமான்போல் இறக்கி வைத்திருந்தது:
பெருங்கல் முன்னே, பிறகு கூழாங்கல்,
வாலில் மணல்.
ஆற்றிடைக்குறை.
சொல்லின் நடுவில் ஓர் எழுத்து உதிர்வதற்கும்
இலக்கணத்தில் இடைக்குறை என்றுதான் பெயர்.
சோதினைக்கு இரண்டு புள்ளிக்காகப் பாடமாக்கியது.
ஓர் எழுத்தை விழுங்கிய பிறகுதான்
இந்த ஆற்றுக்குக் குரல் வந்தது.

நான் பிறந்த யாழ்ப்பாணத்தில் ஆறு கிடையாது.
வழுக்கையாறு என்று ஒன்று, அதுவும் மாரிக்கு மட்டும்.
ஆகவே ஆறுகள் பற்றி எனக்குக் கருத்து எதுவும் இல்லை.
கை மட்டும் இருந்தது, அது அரித்தது.
அந்தத் திட்டின் வாலைக் கொஞ்சம் செதுக்கினால்
பார்க்க நேர்த்தியாயிருக்கும்.
மே மாதம், ஒரு திங்கட்கிழமை,
யாரும் வருமுன் இயந்திரத்தை இறக்கினேன்.

முன்னால் ஒரு பட்டாணி உப்புக்கொத்தி
சிறகு முறிந்ததாய் நடித்து
இழுத்து இழுத்து ஓடியது.
கெட்டிக்கார நடிப்பு. நம்பாமல் இறங்கினேன்.
கூழாங்கல்லோடு கூழாங்கல்லாய்
நான்கு முட்டை.
ஒரு சாண் தள்ளிச் சங்கிலித் தடம்.

எஞ்சினை அணைத்துவிட்டு
நடந்தே கரை ஏறினேன்.

ஆறு வாரம் இயந்திரம் அங்கேயே நின்றது.
வாளியில் மழைநீர், அதில் தவளைக் குஞ்சுகள்.
வேலைத்தாளில் "இன்று செய்தது" என்ற கட்டத்தில்
ஜெர்மனில் ஒரு கோடு போட்டேன்.
ஓரத்தில் தமிழில், தினமும்:
தூர் வாரவில்லை.