ஆற்றுக்கு மேற்கே

வரைபடத்தில் அந்தச் செடி ஆற்றோடு நின்றுவிடுகிறது.
ஃப்ளோரிடாவில் அப்பலாச்சிக்கோலா பக்கம் தொடங்கி
அலபாமாவின் அடிவயிற்றில் அடர்ந்து
பாஸ்ககூலா ஆற்றின் கிழக்குக் கரைவரை
மிளகு சிந்தியதுபோல் கறுப்புப் புள்ளிகள்.
அதற்குப் பிறகு வெறும் காகிதம்.

நான் வெட்டுவது அந்த வெறும் காகிதத்தில்.

பதினோரு வருடமாய்க் கவுண்டிக்குப் புல் வெட்டுகிறேன்,
மின்கம்பிகளுக்கு அடியில், சாக்கடை ஓரத்தில்,
டிராக்டர் சீட்டின் கிழிசலில் மஞ்சள் ஸ்பாஞ்சு பிதுங்க.
பைன் காட்டை வடிகால் வெட்டி வயலாக்கினார்கள்,
வயலை விற்றார்கள், விற்ற இடத்தில் தேவாலயம்,
அதற்கு ஒரு பார்க்கிங்.
ஈரம் மிஞ்சியது கம்பிக்கு அடியில்தான்.
பூவும் அங்கேதான்.

ஏப்ரலில் புல்லுக்குள் தலைகீழாய்ப் பூக்கும் ரோஸ்நிற ஆர்க்கிட்,
மே மாதம் யாரோ சட்டையிலிருந்து பிய்த்தெறிந்த
ஆரஞ்சுப் பொத்தான்கள்,
பிறகு வெள்ளைத் தொப்பி ஊசிகள், எண்ண முடியாது.
நண்டு கட்டிய சேற்றுப் புகைபோக்கிகளுக்கு நடுவே
தரையோடு தரையாய் அழுகண்ணி.
அழுவது அது,
சாவது கொசு.

போன அக்டோபரில் அதைப் பார்த்தேன்.
முழங்கால் உயரத்தில் ஒன்பது வெள்ளைக் கெண்டிகள்,
மூடிய கண்ணிமையில் தெரிவதுபோல்
சிவப்பு நரம்புகள்.
ஒன்றின் வாயில் ஒரு பச்சைத் தவளை உட்கார்ந்து
செடிக்கு வந்த ஈயைத் தான் தின்றுகொண்டிருந்தது.
வண்டியை அணைத்தேன்.
சத்தம் நின்றும் தவளை அசையவில்லை.

லுவேன் ஸ்டிரிங்கர் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தாள்,
ரப்பர் பூட்ஸோடு, பூட்ஸுக்கு மேலும் புதைந்தாள்.
சிரித்தாள். பிறகு சொன்னாள்:
புள்ளி வேண்டுமென்றால் சான்று வேண்டும்.
ஒரு கெண்டியை அறுத்துச் செய்தித்தாளில் வைத்தாள்.
நடந்துகொண்டிருந்த கால்பந்துப் பருவத்தின் ஸ்கோர்கள்மேல்
அது தட்டையாய்க் கிடந்தது.
சேகரித்தவர்: டி. போசார்ஜ்.
என் பெயரை முதன்முறையாகப்
பென்சிலில் அழகாய் எழுதி வைத்தார்கள்.

அப்புறம் கேட்டாள், யாராவது நட்டிருப்பார்களா?

ஹோலிஸ் மிஸெல் நினைவுக்கு வந்தான்.
கிழக்குக் கரையில் கெண்டி அறுத்து
மொபீல் நகரப் பூக்கடைகளுக்குக் கட்டுக்கட்டாய் விற்றவன்.
சில சமயம் கிழங்கோடு பிடுங்குவான், அவசரம்.
அவன் டிரக் இந்தச் சாலையில்தான் அடிக்கடி படுத்துக்கொள்ளும்.
வாடியதை எங்கே கொட்டினானோ.
செத்துப்போனவனைக் கேட்க முடியுமா.
சொல்லாமல் இருந்திருக்கலாம்.
சொல்லிவிட்டேன்.

ஸ்டிரிங்கர் கொஞ்ச நேரம் பேசவில்லை.
வரைபடத்தில் ஒரு வட்டம் போட்டாள்,
உள்ளே நிரப்பவில்லை.
நிரம்பினால் சொந்தம். வெறுமையாய் இருந்தால் சந்தேகம்.

கத்ரீனாவுக்குப் பிறகு நானும்
பயூ லா பாட்ரேயிலிருந்து ஆற்றைக் கடந்து வந்தவள்.
இரண்டு மெத்தை, ஒரு இறால் வலை, பூனை.
இங்கே இன்னும் என்னைக் கேட்கிறார்கள்,
எப்போது திரும்புகிறாய் என்று.
(பூனை மட்டும் கேட்கப்படாமலே இறந்தது.)

பிப்ரவரியில் வனத்துறையார் தீ வைத்தார்கள்.
சாயங்காலம்வரை பைன் பிசின் வாசனை,
என் மதியச் சாப்பாட்டிலும்.
மார்ச் கடைசியில் கருகிய தரையிலிருந்து
தலை கவிழ்ந்த அடர்சிவப்புப் பூ, இலைக்கு முன்னால்.
குனிந்து பார்த்தேன்.
தாய்க்கிழங்கிலிருந்து இரண்டு சாண் தள்ளி,
மேற்குப் பக்கம்,
தீக்குச்சி அளவில் மூன்று நாற்றுகள்.
அவற்றை ஹோலிஸ் கொட்டியிருக்க முடியாது.

ஸ்டிரிங்கருக்குப் போன் செய்ய வேண்டும்.
இன்னும் செய்யவில்லை.
செய்தால் செய்தித்தாளோடு வருவாள்.

அந்த இடம் வந்தால் லீவரை இழுக்கிறேன்,
கத்தி ஒரு முழம் எழும்புகிறது.
காரில் போகிறவர்களுக்கு
அது நான் ஒழுங்காய் வெட்டாத இடம்.