எடைமேடையில் ஜனவரி ஒன்று

நேற்றிரவு மின்சாரம் ஒருமுறை கண்ணிமைத்தது.
விடியலில் வந்து பார்த்தால்
எடைமேடைக் கணினி
ஜனவரி ஒன்று, இரண்டாயிரம் என்கிறது.
வெளியே ஆகஸ்ட். பொடித்தூறல்.
ப்ளாக் சாலை திரும்பும் இடம்வரை
கரும்பு லாரிகள்.

புதுத் தராசுக்குப் புது மென்பொருள்.
"அந்தக் கிழத்தில் நேராக ஓடாது,
மூல நிரலை அனுப்புகிறோம்,
நீயே கம்பைல் செய்துகொள்" என்றார்கள்
போர்ட் லூயியில், ஏசி அறையிலிருந்து.

முதல் கட்டளைக்கே முகம் திருப்பிக்கொண்டது:
இப்போது பிறந்த கோப்பு
பெட்டியில் வந்த கோப்பைவிடப் பழையது,
உன் கடிகாரத்தைப் பார்.
பார்த்தேன்.
தேதியைக் கையால் தட்டிக் கொடுத்தேன்.
சமாதானமானது.

அடுத்து, நூலகம் இல்லை என்றது.
உண்மைதான். இந்த ஆலையில்
பஞ்சாங்கம் தவிர ஒரு புத்தகம் கிடையாது.
அது கேட்ட நூலகம் மட்டும் இருந்தது,
பழைய பெயரில், வேறொரு அடைவில்.
புதுப்பெயரை ஒரு பலகையில் எழுதி
வாசலில் மாட்டினேன்.
கம்பைலருக்கு அது போதும்.
எங்கள் குடும்பப் பெயரை
மூன்று விதமாக எழுதி வைத்திருக்கும்
பதிவகத்துக்குத்தான் எதுவும் போதவில்லை.

கண்ணாடியில் தட்டல்.
மாதாம் சுப்ராயென், நனைந்த தொப்பியோடு.
"கான் பூ பாரே?"
எப்போது தயாராகும், எப்போது?
நேற்று நண்பகலில் வெட்டிய கரும்பு.
வெட்டுவாய் சிவந்து
லேசாகப் புளிப்பு வாடை.
எடைக்கு மட்டுமல்ல, இனிப்புக்கும்தான் காசு.
வெட்டிய கரும்புக்கு மணி பார்க்கத் தெரியும்;
யாரும் தட்டிக் கொடுக்க வேண்டாம்.

இருநூற்றுப் பன்னிரண்டாவது கோப்பில்
மறுபடி விளக்கு கண்ணிமைத்தது.

ஜனவரி ஒன்று.
இரண்டாயிரம்.
அரைமணி முன்பு நான் கட்டியதையெல்லாம்
இனி வரப்போகும் காலத்தின் சரக்கு என்று
தள்ளிவைக்கிறது.
கிழமே, உன்மேல் கோபமில்லை.
விளக்கு அணைந்து எரியும்போதெல்லாம்
இப்படித் துடைத்துக்கொள்ள எனக்கும் வந்தால்
வீட்டுக்கடன் வங்கி என்ன செய்யும்?

மூடியைக் கழற்றினேன்.
தூசிக்குள் நாணயம்போல் ஒரு பேட்டரி,
செத்து எத்தனை வருடமோ.
கடை திறக்க ஒன்பதாகும்.
மேசைமேல் முஸ்யே ரங்காசாமியின் கார் சாவி.
ஐந்து ரூபாய்க் காசால் அதன் வயிற்றை நெம்பினேன்.
அதே அளவு.
அதே எண்.

எட்டு இருபத்தைந்துக்கு
வரிகள் ஓடி நின்றன, பிழை ஒன்றுமின்றி.
நான் உடனே நம்பவில்லை;
மேடையில் நானே ஏறி நின்று பார்த்தேன்.
அறுபது கிலோ. தராசு பொய் சொல்லவில்லை,
துரதிர்ஷ்டவசமாக.

மாதாமின் லாரி:
பதினான்கு டன், முந்நூற்றிருபது கிலோ.
சீட்டை வாங்கியவள்
எடையைப் பார்க்கவில்லை, மணியைப் பார்த்தாள்.
பிறகு என்னை.

வரிசை நகர்கிறது.
முஸ்யே ரங்காசாமி மட்டும் தூறலில்
காரைச் சுற்றிவந்து
சாவியை அழுத்துகிறார், குலுக்குகிறார்,
மறுபடி அழுத்துகிறார்.
சாவி என்றால்
துளையில் போட்டும் திருப்பலாம் என்று
இன்னும் கொஞ்ச நேரம் கழித்துச் சொல்லலாம்.
பின்னால் இன்னும் பதினேழு லாரி.