விளக்கை மூடி உழுதல்

கண்ணிவெடி எடுத்தவர்கள்
கட்டுவன் காணியை
ஒரு மீற்றர் அகலக் கோடுகளாய்க்
கிண்டிவிட்டுப் போனார்கள்.
முதல் மாரிக்கு
அந்தக் கோடுகளில் மட்டும் குப்பைக்கீரை.
தையல் மெசின் ஓடினதுபோல் நேர்ப்பச்சை.
இடையில் கிண்டாத செம்பாடு
ஒன்றும் தெரியாத முகத்தோடு கிடந்தது.

இருபத்தேழு வருசம் நான் மிதிக்காத மண்.
கடைசிப் பொயிலைக் கன்றுகளுக்கிடையில்
பிடுங்கத் தவறிய ஏதோ ஒன்று
உதிர்த்துவிட்டுப் போயிருக்கவேண்டும்.

விவசாயப் போதனாசிரியை நிலக்சனா
ஸ்கூட்டியை ஒழுங்கையில் நிறுத்திவிட்டு வந்தாள்.
"தண்ணி இல்லாமல் கிடந்ததில்லை ஐயா,
வெளிச்சம் காணாமல் கிடந்தது.
கலப்பை புரட்டேக்கை
கண்வெட்டுற நேரம் பட்டால் காணும்."

பனையோலை தாழ்த்தினால்
கீழே அமுங்கிக் கிடக்குமாம்.
ஆட்டுப்பட்டி அடைத்தால்
வயிற்றுச் சூட்டில் தோல் இளகி
புழுக்கையோடு புதிதாய் இறங்குமாம்.
கோரைக்கு இந்த நியாயம் ஒன்றும் செல்லாது,
அதுக்குக் கிழங்கு இருக்கிறது.

வெறுந்தறைக்கு இறைத்தேன்.
பக்கத்துக் காணி யோகலிங்கம்
வேலிக்கு மேலால் எட்டி,
"பூண்டுக்கோ தண்ணி காட்டுறாய்?"
ஓம். வரட்டும்.
வந்தால்தானே வெட்டலாம்.

இரண்டாம் உழவு அமாவாசை இரவு.
லான்ட்மாஸ்ரர் விளக்குக்கு
உரப்பை சுற்றிக் கட்டினோம்.
அருள்சீலன் கைபிடியில்.
நான் முன்னால்,
செருப்பில்லாத காலால் வரம்பைத் தடவித் தடவி.
பலாலிப் பக்கம் முகாம் வெளிச்சம்
வானத்தில் வெளிறிக் கிடந்தது.
அதுக்குக் கட்ட உரப்பை இல்லை.

மூன்றாம் சாலில் அவன் போன் அடித்தது.
மெசினை நிற்பாட்டினான்.
புரட்டின ஈரமண்ணில்
ஒரு பாய் அளவு வெளிச்சம் விழுந்தது.
"இன்னும் முழிச்சோ இருக்கிறாய்?
அப்பா வாறன், நீ படு,
கண்ணை மூடு" என்றான் மகளுக்கு.
நான் ஒன்றும் சொல்லவில்லை.

பதினோராம் நாள் போய்ப் பார்த்தேன்.
பகலில் உழுத மேற்குத் துண்டோடு பார்க்க
பாதிக்கும் குறைவு.
கோரை வழமைபோல.
மூன்றாம் சாலில் மட்டும்
பாய் விரித்த மாதிரி, நெருக்கமாய்,
குஞ்சுக் கீரை.

வெங்காயம் நடுகைக்கு இன்னும் நாலு நாள்.
குந்தியிருந்து பிடுங்கினேன்.
வேரோடு வந்த மண்ணை
முழங்காலில் தட்டி உதறினேன்,
நல்ல வெயிலுக்குள்,
உதிர்ந்தது எந்தப் பக்கம் புரண்டு விழுந்ததென்று
பாராமல்.