டீ செலவு

தீர்மான நோட்டை எழுதுவது நான்தான்.
எட்டு வருசம், மாசம் ரெண்டு கூட்டம்,
சோழவந்தான் கொடிக்காலில் வெத்திலை கிள்ளும்
பதினாலு பேரின் சேமிப்பு, கடன், அபராதம்.

முதல் பக்கத்தில் தலைக்கு ஐம்பது ரூபாய்.
பிறகு நூறு. பிறகு
வாடிப்பட்டி வங்கியில் மேலாளர்
எங்களை உட்காரச் சொன்ன நாள்.
மீட்டர் வட்டிக்காரனின் புல்லட்
ஜெயக்கொடி வாசலில் நிற்காமல் போன வாரத்தை
நோட்டில் ஏற்றவில்லை.
அதற்குக் கட்டம் இல்லை.

மதுரையிலிருந்து ஓர் அறக்கட்டளை
நாற்காலி கொடுத்தது.
எண்ணித்தான் கொடுத்தார்கள், பதினாலு.
முதுகில் யாரோ ஒருவரின் அப்பா பெயர், தோற்றம், மறைவு.
வேர்வையில் அந்த மறைவு
சிட்டம்மா ரவிக்கையில் ஒட்டிக்கொண்டு
ரெண்டு துவைப்புக்கும் போகவில்லை. சிரித்துக் கிடந்தோம்.

அவற்றை வீடு வீடாகத் தூக்கிப்போக
இருளாயிதான் முன்னால் நிற்பாள்,
இந்தக் கையில் மூன்று, அந்தக் கையில் மூன்று.
உட்காரும்போது வாசப்படி ஓரம், தரையில்.
"இங்க காத்து வருதுக்கா."
பதினாலாவது நாற்காலியில்
என் பர்ஸ், மைப்பெட்டி, ரப்பர் ஸ்டாம்பு.

கூட்டம் சுற்று முறையில் எல்லார் வீட்டிலும்
நடக்க வேண்டும், விதி மூன்று.
காலனியின் முறை வரும்போதெல்லாம் எழுதினேன்:
"இட வசதி இல்லாமையால்
செயலாளர் இல்லத்தில் நடைபெற்றது."
பன்னிரண்டு முறை. நேற்று எண்ணிப் பார்த்தேன்.
பன்னிரண்டுக்கும் கீழே அவள் கையெழுத்து.
கைநாட்டு வைத்தவளை
எழுத வைத்தது எங்கள் குழு என்று
ஆண்டறிக்கையில் படத்தோடு இருக்கிறது.

ஐப்பசியில் ஒருநாள்
கடன் பேச்செல்லாம் முடிந்த பிறகு சொன்னாள்:
"அடுத்த கூட்டம் எங்க வீட்டுல. எழுதுக்கா.
இட வசதி இருக்கு. அளந்துட்டேன்."

யாரும் நாற்காலியைத் தூக்கவில்லை.
அவள் தூக்கவில்லை என்பதால்.

பாய் போதவில்லை. சாக்கு விரித்திருந்தாள்.
முழங்கால்கள் இடித்துக்கொண்டன.
மழை தகரத்தில் விழுந்ததால்
வரவு செலவைக் கத்தித்தான் வாசித்தேன்.
பிறகு டீ வந்தது,
எவர்சில்வர் டம்ளர், பதினாலு.

பேச்சிக்கு அன்று விரதமாம்.
நான் சூடு என்று ஊதினேன்.
ஆறிய பிறகும் ஊதினேன்.
இருளாயி என் வாயைப் பார்க்கவில்லை,
மடியில் இருந்த நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குடித்தேன். சர்க்கரை தூக்கல்.

"டீ செலவு நூத்தி நாப்பது, எழுதுங்க.
எல்லார் வீட்டுலயும் எழுதுறதுதான?
இனாம் இல்ல."

எழுதினேன். வரிசையாக ஒப்பம் வாங்கினேன்.
பதிமூன்று டம்ளரை அவள் மகள் அடுக்கினாள்,
ஒன்று ஆடை படிந்து அப்படியே இருந்தது.

வருகிற ஞாயிறு
பேச்சி வீட்டு முறை.
இடம் என்ற கட்டத்தில்
இன்னும் ஒன்றும் எழுதவில்லை.