தாளுக்கு மேலே

நாயின் காதுமடலுக்குப் பின்னால்
வெந்த பட்டாணி போல ஒன்று.
மரு என்றுதான் ரிஸ்தென் நினைத்தாள்.
இரண்டு நாள் கழித்துப் பார்த்தால்
மருவுக்குக் கால்கள் இருந்தன.

தீப்பெட்டியில் அடைத்து
பனி விழாத அக்டோபர்ச் சேற்றில்
காரஷோக் வரை வண்டி ஓட்டினாள்.

கால்நடை மருத்துவர் டோர்கெய்ர்
தெற்குக் கரைக்காரர்.
பெட்டியைத் திறந்ததும் முகம் ஒரு மாதிரி ஆனது,
அழைக்காத வீட்டு வாசலில்
தன் சொந்தக்காரன் குடித்துவிட்டு நிற்பதைப்
பார்த்தவர்போல.
"உண்ணி.
எங்கள் பக்கம் கோடையில்
பிள்ளைகளைக் குளிப்பாட்டும்போது தேடுவோம்,
அக்குளில், முழங்கால் மடிப்பில்."

"கலைமான்களுக்கு எங்கே தேடுவது?"

எத்தனை என்று அவர் கேட்கவில்லை.
இங்கே அது பிறர் பணப்பையை எண்ணுவது மாதிரி;
ஏழு வருடத்தில் அதையாவது கற்றிருந்தார்.

சுவரில் உண்ணி வரைபடம்.
கண்டெடுத்த இடமெல்லாம் சிவப்புக் குண்டூசி.
அச்சடித்தவர்கள்
இந்த ஊருக்கு வெகு தெற்கிலேயே
தாளை முடித்திருந்தார்கள்.
ஊசியைக் கையில் பிடித்தபடி நின்றார்.

அவள் அதை வாங்கி
தாளுக்கு மேலே, வெறும் சுவரில்,
கட்டைவிரலால் அழுத்தினாள்.
கொஞ்சம் காரை உதிர்ந்தது.

மேசைக்கடியில் நாய்
மற்றக் காதைச் சொறிந்துகொண்டிருந்தது.