சீல் உடையாத டப்பா

ராத்திரி ஒன்றரைக்கு
கேத்தி பாலாடாவில் கேரட் கழுவும் மெஷின் ஓய்ந்ததும்
முதலில் கேட்பது
கோமதீஸ்வரியின் டப்பா.
குலுக்கிக் காட்டுவாள். உள்ளே அறுபது.
காலையில் ஒன்று, இரவில் ஒன்று, சாப்பாட்டுக்குப் பிறகு.
"எந்தச் சாப்பாட்டுக்கு?" என்பான் போஜன்.
ஈரக் கோணிகளின் மேல் உட்கார்ந்திருக்கும் நாங்கள்
ஆவி பறக்கச் சிரிப்போம்.

அவள் சிரிப்பதில்லை.
"ஒடம்பு பூரா செல்லுண்ணே.
ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் ஒரு பவர் ஹவுஸ் ஓடுது.
வயசாக ஆக அது மந்தமாயிடும்."
கூட்டத்தில் கேட்டதை
எழுத்துப் பிசகாமல் சொல்வாள்.

எனக்குத் தெரிந்த பவர் ஹவுஸ் குந்தாவில் இருக்கிறது.
மலைத் தண்ணீரில் பிறக்கும் கரண்டு
கம்பியேறிக் கீழே போய்விடும்,
இதோ இந்தக் கேரட்டைப் போல.
இங்கே
மழை தூறினாலே மெழுகுவத்தி.

விலை இரண்டாயிரத்து நூற்றைம்பது.
மூட்டைக் கணக்கில் அது எத்தனை இரவு என்று
விரலை மடக்கினேன்.
பனித்தண்ணீரில் ஊறிய விரல்,
மடங்கவில்லை.

ஐந்து பேரைச் சேர்த்தால் அவள் சில்வர்.
இருபத்தைந்தானால் கோல்டு.
பகலில் லவ்டேல் விடுதியில் துணி துவைக்கிறாள்,
சாயங்காலம் யார் தோட்டத்திலோ களை,
பிறகு இங்கே.
நடுவில் எப்போது தூங்குகிறாய் என்று
நாங்கள் யாரும் கேட்டதில்லை.

நேற்று உறைபனி.
"இந்த மாத்திரை உள்ள போச்சுன்னா" என்றவள்
அடுத்த சொல் வருவதற்குள்
மூட்டையில் சாய்ந்து தூங்கிப்போனாள்.
வாய் லேசாகத் திறந்திருந்தது.

டப்பா உருண்டு என் காலடிக்கு வந்தது.
எடுத்துப் பார்த்தேன்.
நான்கு மாதமாய்க் குலுக்குகிற டப்பா.
மூடியைச் சுற்றிய பிளாஸ்டிக் சீல்
அப்படியே இருந்தது.

மேட்டுப்பாளையம் போகிற லாரிக்காரன்
ஹாரன் அடித்தான்.
போஜன் ஓடிப்போய்
அவன் வாயில் ஒரு பீடியைச் செருகினான்.
மெஷின் சுவிட்சுப் பக்கம் யாரும் போகவில்லை.
கால் மணி. இருபது நிமிஷம்.
குழாய் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது.

அப்புறம் மேஸ்திரி வந்தார்.
மோட்டார் உறும,
கண்ணைத் திறந்தவள்
விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தாள்:
"களைப்பே தெரியாதுண்ணே."

டப்பாவைத் துடைத்துக் கொடுத்தேன்.
என் பேரை எழுதிக்கொள்ளச் சொன்னேன்.
தவணையில்.
போஜன் என்னை முறைத்தான்.
ஐந்தில் நான் மூன்றாவது ஆளாம்.