இருபத்தேழு புள்ளி ஆறு

திருப்பூரிலிருந்து கூரியரில் வந்தது:
பனியன் துணிபோல் பின்னிய ஒரு சின்னப் பை,
கேஸ் விளக்கில் மாட்டும் மேண்டில்.
அட்டையில் பச்சை எழுத்து, 'தோரியம் இல்லாதது'.
கூடவே ஒரு கடிதம்:
சரக்கு தூத்துக்குடியில் நிற்கிறது,
சான்று வந்தால் வெள்ளிக்கிழமை கப்பலேறும்.

பீளமேட்டில் எங்கள் எக்ஸ்ரே அறைக்கு ஜன்னல் கிடையாது.
புகைக்கூண்டுக்குள் வைத்து எரித்தேன்.
நூல் போனது. நூலின் பின்னல் போகவில்லை.
மூச்சு பட்டால் உதிர்கிற வெள்ளைக் கூடு,
அதே வெள்ளை
மூவாயிரம் டிகிரியிலும் உருகாதது.

தீக்கு முன் அது நைட்ரேட்டாக இருந்திருக்கும்.
ஈரம் கண்டால் இழுத்துக்கொள்ளும் உப்பு.
ஒற்றை அணுவைச் சுற்றிப் பதினோரு பிடி:
நான்கு நைட்ரேட், ஆளுக்கு இரண்டு கை,
இடுக்கில் நுழைந்த தண்ணீர் மூன்று.
மொய் எழுதும் மேசையில்கூட அத்தனை நெரிசல் இருக்காது.
சுட்டதும் எல்லோரும் கிளம்பிவிட,
எட்டு மூலையில் எட்டு ஆக்சிஜன்.
ஒவ்வொன்றும் நான்கு தோரியத்துக்குப் பொது,
நாலு பங்காளிக்கு ஒரு கிணறு மாதிரி;
வழக்குதான் இல்லை.

கோணமானி நகர்ந்தது.
யிட்ரியம் என்றால் இருபத்தொன்பதைத் தாண்டி எழவேண்டும்.
இருபத்தேழு புள்ளி ஆறிலேயே எழுந்துவிட்டது.
முப்பத்திரண்டில் குட்டையாக ஒன்று,
நாற்பத்தாறுக்குக் கொஞ்சம் முன்னால் இன்னொன்று.
பக்கத்து மேசையில் கவுண்டர் டிக் டிக் என்றது.
(எங்கள் ஊரில் இந்தப் பெயரைச் சொன்னால்
ஆளைத் தேடுவார்கள். இது பெட்டி.)

"ஏனுங்க மேடம், நாச்சிமுத்து பேசறனுங்க.
உப்புல முக்கிக் குடுத்தவன் மாத்திப்புட்டானுங்க.
நூத்தம்பது பேருங்க, தீவாளி போனஸுங்க.
கொஞ்சம் அனுசரிச்சு எழுதக் கூடாதுங்களா?"

கொஞ்சம் என்பதை நானும் யோசித்தேன்.
சுத்தமான தோரியம் ஆக்சைடு சரியாக எரியாது, மங்கல்.
நூற்றுக்கு ஒன்று சீரியம் சேர்த்தால்தான்
அந்த வெளிச்சம் வரும்.
அந்த ஒன்றுக்கும் முகடு இம்மி நகரும்,
நகர்ந்ததை வரைபடம் சொல்லிவிடும்.

"முடியாதுங்க" என்றேன்.
அவர் போனை வைக்கவில்லை.
பின்னால் தறி ஓடும் சத்தம்.
நானும் வைக்கவில்லை.

இந்த வெள்ளையில் பாதி தீர
ஆயிரத்து நானூறு கோடி வருஷம்.
வெள்ளிக்கு இன்னும் இரண்டு நாள்.

அறிக்கையில் எழுதினேன்:
கனசதுரம், பக்கம் ஐந்து புள்ளி ஐந்து ஒன்பது ஏழு ஆங்ஸ்ட்ராம்.
முகடுகள் அகலமாக உள்ளன,
படிகத் துகள் மிகச் சிறியது என்பதால்.

கீழே என் கையெழுத்தும்
அன்றைக்கு
வழக்கத்தைவிட அகலமாக விழுந்தது.